ஓரக்கா திருப்பிய முகம்

தான் செய்த போஸ்டர் எந்தச் சுவரில் ஒட்டப்பட்டாலும் மறுநாள் அதற்கு எதிரே போய் நிற்பது அவள் வழக்கம். போஸ்டரைப் பார்க்க அல்ல. போஸ்டரைப் பார்க்கிறவர்களைப் பார்க்க. அவர்கள் கண் முதலில் எங்கே விழுகிறது, அங்கிருந்து எங்கே தாவுகிறது, எந்த வரியில் சலித்துப்போய் இறங்கிவிடுகிறது என்று கவனிப்பாள். ஒருமுறை துணிக்கடை ஒன்றின் எதிரே அரைமணி நேரம் நின்றதற்கு, காவலாளி வந்து, "யாருக்காகம்மா காத்திருக்கீங்க?" என்று கேட்டார்.

"படிக்கிறவங்களுக்காக."

 அவள் போகும்வரை அவர் அவள் மேல் ஒரு கண் வைத்திருந்தார்.

அச்சகத்தில் அவளுக்கு ஓரக்கா என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவர் இயந்திரம் ஓட்டுகிறவர். வருகிற வாடிக்கையாளர்கள் எல்லோரும் தாளின் விளிம்பு வரை எழுத்தை நிரப்பச் சொல்வார்கள். இவள் விடமாட்டாள். "ஓரம் விடுங்க. எழுத்துக்கும் மூச்சு விட இடம் வேணும்" என்பாள். ஒரு நாளைக்கு இருபது தடவை "ஓரம், ஓரம்" என்று கேட்டுக் காது புளித்துப்போனவர், "ஓரக்கா, சாப்பிட வாங்க" என்று ஒருநாள் கூப்பிட்டார். அன்றோடு அவளுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் தங்கிவிட்டது.

பள்ளிக்கூடம் முடிந்ததும் தட்டச்சு செய்ய இரண்டு மாதம் என்று சொல்லி அங்கே சேர்ந்தவள். இருபத்திரண்டு வருடம் ஆகிவிட்டது. டிசைன் செய்துகொண்டிருந்த முதலாளியின் மைத்துனர் வேறு வேலைக்குப் போனபோது, காலியாக இருந்த அந்த நாற்காலியில் இவள் போய் உட்கார்ந்தாள். உட்காரச் சொன்னதும் யாரும் இல்லை, எழுந்திரு என்றதும் யாரும் இல்லை. சொல்லிக் கொடுக்கவும் ஆளில்லாததால் தெருவில் பார்த்துத்தான் கற்றாள். ஓட்டுநர் பள்ளி ஒன்று தன் தொலைபேசி எண்ணைக் கார் படத்தின் டயர் மேல் கறுப்பில் அச்சடித்திருந்தது. ஒரு வாரம் யாரும் கூப்பிடவில்லை. படத்தின் மேல் எழுத்து வைப்பதானால் அந்த இடம் வானம் மாதிரி, சுவர் மாதிரி வெறிச்சென்று இருக்க வேண்டும் என்று அன்று தெரிந்துகொண்டாள். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் தன் விளம்பரப் பலகையில் முப்பது வரி வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"சார், இவ்வளவு பொடி எழுத்தை யார் படிப்பாங்க?"

"படிக்க முடியலன்னா எங்ககிட்டதானேம்மா வரணும்" என்றார் அவர்.

 முப்பது வரியும் போட்டுக் கொடுத்தாள்.

இப்படிக் கண்டுபிடித்தவற்றில் அவளுக்கு மிகவும் பிடித்தது முகம் பற்றியது. படத்தில் ஒரு முகம் இருந்தால் பார்க்கிறவர் கண் முதலில் அதற்குத்தான் போகும். அந்த முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கமே கண்ணும் நகரும். அதனால் முகம் எழுத்தைப் பார்க்க வேண்டும். எழுத்துக்கு முதுகு காட்டினால் கண் தாளை விட்டே வெளியே போய்விடும். தெருவில் நூறு பேரையாவது நின்று பார்த்துத்தான் அவள் இதை நம்பினாள். நம்பிய பிறகு கை பழகிவிட்டது. முகம் வெளியே பார்த்தால், மவுஸால் இரண்டு தட்டு. கண்ணாடியில் தெரிவதுபோல் படம் இடம் வலமாகப் புரண்டு எழுத்தைப் பார்க்கும். படத்தில் கடைப் பலகை ஏதாவது இருந்தால் மட்டும் எழுத்து இடம் வலமாகிவிடாமல் பார்த்துக்கொள்வாள். மற்றபடி சோப்புக்குச் சிரிக்கிற பெண் எந்தப் பக்கம் சிரித்தால் யாருக்கு என்ன?

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஷட்டரை முழுதாகத் தூக்குவதற்குள் ஒரு பெண் குனிந்து உள்ளே வந்தாள். பக்கத்துத் தெருவில் தையல்கடை வைத்திருப்பவள். கழுத்தில் அளவு நாடா தொங்கியபடியே இருந்தது. அதைக் கழற்ற மறந்து இரண்டு நாள் ஆகியிருக்கும் போலிருந்தது.

"தம்பியைக் காணோம்க்கா."

தம்பிக்கு முப்பத்து மூன்று வயது. ஆள் வளர்ந்தும் பேச்சும் புத்தியும் ஏழெட்டு வயதோடு நின்றுபோயின. அக்கா தைக்கும்போது அருகில் உட்கார்ந்து பொத்தான்களை நிறம் பிரித்துப் போடுவான். ஞாயிற்றுக்கிழமை மதியம், தைத்த துணியைக் கொடுக்க அவள் இரண்டு வீடு தள்ளிப் போய்விட்டு வருவதற்குள் கடை வாசலைத் தாண்டிவிட்டான். பெயர் கேட்டால் சிரிப்பான். முகவரி சொல்லத் தெரியாது. காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தாயிற்று. "போஸ்டரும் ஒட்டுங்க" என்று அங்கே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

தையல்காரி ஒரு முழுத் தாளில் இரண்டு பக்கமும் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். ஓரக்கா படித்தாள்.

"இத்தனையும் போட முடியாதும்மா. யாரும் நின்னு படிக்கமாட்டாங்க. நடந்துக்கிட்டே பார்ப்பாங்க, பஸ்ஸிலேருந்து பார்ப்பாங்க."

"அவனுக்கு இடின்னா பயம்னு போட வேணாமா?"

"இடி இடிச்சா யாரும் போஸ்டர் பார்க்க நிக்கமாட்டாங்க."

"அடையாளம் வேணுமே?"

"அடையாளம் ஒண்ணு போதும். பார்த்ததும் தெரியற மாதிரி."

"இடது புருவத்துல ஒரு வெட்டு. சின்ன வயசுல மெஷின் மேல விழுந்தான். அங்க முடி முளைக்காது."

ஓரக்கா தட்டினாள். காணவில்லை. வயது. இடது புருவத்தில் தழும்பு. அதற்குக் கீழே, மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிதாகத் தொலைபேசி எண். படம் தையல்காரியின் போனில் இருந்தது. தம்பி கடை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி எதையோ வேடிக்கை பார்க்கிறான். நல்ல வெளிச்சம். அச்சகத்தில் இப்படிப்பட்ட போஸ்டருக்கு ஒரே அமைப்புதான்: இடது பக்கம் படம், வலது பக்கம் எழுத்து. படத்தைக் கொண்டுவந்து இடது பக்கம் வைத்தால், தம்பி எழுத்துக்கு முதுகு காட்டித் தாளுக்கு வெளியே பார்த்தான்.

இரண்டு தட்டு. அவன் திரும்பி எழுத்தைப் பார்த்தான்.

முகம் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று கழுத்துக்குக் கீழே வெட்டிவிட்டாள். வெட்டாமல் இருந்திருந்தால் சட்டைப் பொத்தான் பட்டி பக்கம் மாறியிருப்பது ஒரு தையல்காரியின் கண்ணுக்கு அந்த நிமிடமே தெரிந்திருக்கும்.

தையல்காரி திரையை உற்றுப் பார்த்தாள். "என்னமோ மாதிரி இருக்கான்."

"ரெண்டு நாளா தூங்கியிருக்கமாட்டீங்க. எல்லாமே என்னமோ மாதிரிதான் தெரியும்." ஓரக்கா படத்தின் மேல் விரலை வைத்தாள். "இடது புருவம். தழும்பு இதோ இருக்கு. சரிதானே?"

விரல் இருந்தது படத்தின் இடது பக்கம். தழும்பும் அங்கேதான் இருந்தது. இருவரும் தலையாட்டினார்கள். மதியத்துக்குள் இருநூறு போஸ்டர் அச்சாகி, பசை வாளியோடு இரண்டு பேர் கிளம்பிப் போனார்கள்.

வியாழக்கிழமை காலை வேலைக்குப் போகிற வழியில் ஓரக்கா பேருந்து நிலையத்தில் இறங்கினாள். நிலையத்தை ஒட்டி ஒரு சைக்கிள் நிறுத்தம். அதன் சுவரில் ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். அவள் எதிரே நின்று பார்த்தாள். பள்ளிப் பையை மாட்டிய பெண் ஒருத்தி முகத்தைப் பார்த்தாள், எண்ணைப் பார்த்தாள், போனாள். காய்கறிக் கூடைக்காரர் ஒருவர் எண்ணை வாய்விட்டே படித்தார். முகம், எழுத்து, எண். கண் அவள் போட்ட பாதையிலேயே போனது. அவளுக்கு உள்ளூர ஒரு திருப்தி.

சைக்கிள் நிறுத்தக்காரர் கல்லாப் பெட்டிக்குப் பின்னாலிருந்து கேட்டார். "என்னம்மா, அந்தப் படத்தையே பார்க்கறீங்க. உங்க ஆளா?"

"இல்லண்ணே. அதைப் பண்ணது நான்."

"நல்லா பண்ணியிருக்கீங்க. தூரத்துலேருந்தே மூஞ்சி தெரியுது. நானே ஏமாந்துட்டேன்னா பாருங்களேன்."

"ஏமாந்தீங்களா?"

"நேத்து ஒருத்தன் அந்த பெஞ்சுல வந்து உட்கார்ந்தான். இதே சாயல். பேரு கேட்டா சிரிக்கறான். கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போய் போஸ்டர் பக்கத்துலயே நிறுத்திட்டேன். இவனை ஒரு தடவ பார்க்கறேன், படத்தை ஒரு தடவ பார்க்கறேன். படத்துல வெட்டு இந்தப் பக்கம், அவனுக்கு அந்தப் பக்கம். தலை வகிடும் அப்படித்தான். சரி, வேற யாரோன்னு விட்டுட்டேன்."

 ஓரக்கா போஸ்டருக்குப் பக்கத்தில் போய், சுவரில் முதுகைச் சாய்த்து, படம் பார்க்கிற திசையையே பார்த்து நின்றாள். பிறகு தன் இடது புருவத்தைத் தொட்டாள். கை அங்கேயே இருக்க, தலையைத் திருப்பிப் போஸ்டரைப் பார்த்தாள். படத்தின் தழும்பு மற்றொரு புருவத்தில் இருந்தது.

"உடம்பு சரியில்லையாம்மா?" என்றார் சைக்கிள் நிறுத்தக்காரர்.

"நல்லாத்தான் இருக்கேன். அவன் எந்தப் பக்கம் போனான்ணே?"

"மேம்பாலம் பக்கம். அப்போ அவன்தானா?" அவர் முகம் மாறிவிட்டது. "நான் ஏனோதானோன்னு பார்க்கலம்மா. ஒண்ணுக்கு மூணு தடவ பார்த்தேன்."

"நீங்க சரியாத்தான் பார்த்திருக்கீங்க. நான்தான்."

அச்சகத்துக்கு வந்து முதலாளியிடம் சொன்னாள். முதலாளி நல்ல மனிதர்தான். ஆனால் கடையின் பெயர் என்று வந்தால் அவருக்கு நெஞ்சு படபடக்கும்.

"புதுசா அடிச்சு ஒட்டிடு. முன்னதைவிடத் தெளிவா இருக்கட்டும்னு மாத்தினோம்னு சொல்லிக்கலாம். அவங்களே கவனிக்கல. நீயா எதுக்குப் போய் வாயைக் கொடுக்கற?"

ஓரக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். சொல்லாமல் விட்டால் என்ன என்று அவளுக்கும் ஒரு நிமிடம் தோன்றாமல் இல்லை. புதுப் படத்தைப் பார்த்ததும் தையல்காரிக்கு நிம்மதியாக இருக்கும், காரணம் தெரியாமலே. ஆனால் தம்பி நேற்று மேம்பாலம் பக்கம் போனான் என்பதை எப்படிச் சொல்வது? அவனை ஒருவர் கையைப் பிடித்து நிறுத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார் என்பதையும் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது. ஒன்றைத் தொட்டால் மற்றதும் கூடவே வந்தது. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

தையல்கடையில் இயந்திரம் ஓடவில்லை. தையல்காரி எல்லாவற்றையும் கேட்டாள்.  முடிந்ததும் தன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டாள்.

"தினம் அவன் தலையை வாரி விடறது நான். வகிடு எந்தப் பக்கம்னு இந்தக் கைக்குத் தெரியும். அன்னிக்கு உங்க டிவியில பார்த்தப்போ கை என்னமோ சொல்லிச்சு. நான் கேட்கல."

"நான்தான் கேட்கவிடல" என்றாள் ஓரக்கா.

"ஆமா. நீங்கதான் கேட்கவிடல." கோபமாகத்தான் சொன்னாள்.  "அவனை எதுக்குக்கா திருப்பினீங்க? அவன் பாட்டுக்கு ஜன்னலைப் பார்த்துட்டு இருந்தான்."

ஓரக்கா காரணத்தைச் சொன்னாள். முகம் எழுத்தைப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் படிக்கிறவர் கண் வெளியே போய்விடும் என்று. சொல்லும்போதே அது எவ்வளவு அற்பமாக ஒலிக்கிறது என்று அவளுக்கே தெரிந்தது. ஆனால் தையல்காரி அற்பமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு துணியை எங்கே வெட்டுவது என்று பார்ப்பதுபோல் யோசித்தாள்.

"சரி, அவன் எழுத்தைப் பார்க்கணும். அதானே? அப்போ எழுத்தை அவன் பார்க்கற பக்கம் கொண்டுபோய் வைக்கறது. ஆள் உடம்புக்குத்தான் சட்டையைத் திருத்தணும். சட்டைக்காக ஆளைத் திருத்தினா எப்படி?"

இருபத்திரண்டு வருடத்தில் ஓரக்காவுக்கு அது தோன்றவில்லை. படம் இடது பக்கம், எழுத்து வலது பக்கம் என்பது அச்சகத்தின் சுவர்களைப் போலவே அசையாத ஒன்று என்று நினைத்திருந்தாள். இருவரும் சேர்ந்தே அச்சகத்துக்குப் போனார்கள். இந்த முறை தையல்காரியை அருகில் உட்காரவைத்துத்தான் ஒவ்வொன்றையும் செய்தாள். படத்தை உள்ளது உள்ளபடி வலது பக்கம் வைத்தாள். தம்பி இடது பக்கம் பார்த்தான். அங்கே எழுத்து வந்தது. தழும்பு மேல் ஒரு மெல்லிய வட்டம். "இடது" என்ற சொல்லை எடுத்துவிட்டாள். படமே காட்டும்போது அந்தச் சொல் குழப்பத்தைத் தவிர வேறென்ன செய்யும்? மிஞ்சிய இடத்தில் தையல்காரி கேட்ட ஒரு வரி: "புதியவர்களிடம் பேசமாட்டான். பக்கத்தில் உட்கார்ந்தால் எழுந்து போகமாட்டான்."

"இப்போ எப்படி இருக்கான்?" என்று ஓரக்கா கேட்டாள்.

தையல்காரி திரையைப் பார்த்த மாத்திரத்தில் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அதுவே பதில்.

முதல் தாளை வெளிச் சுவரில் ஒட்டிவிட்டு, இயந்திரம் ஓட்டுகிறவரை அதைத் தாண்டி வேகமாக நடந்து போகச் சொன்னார்கள். அவர் போய்விட்டுத் திரும்பினார்.

"என்ன பார்த்தீங்க?"

"ஒரு ஆள். புருவத்துல வெட்டு. ஒரு நம்பர். பக்கத்துல உட்காரணும்னு போட்டிருக்கு." கொஞ்சம் யோசித்தார். "சுத்தி ஓரம் நிறைய விட்டிருக்கீங்க. அது இல்லாம உங்களுக்குத் தூக்கம் வராதே."

புதுப் போஸ்டர்களில் பாதியை மேம்பாலத்தின் தூண்களில் ஒட்டச் சொன்னாள் ஓரக்கா. அங்கே சிக்னலில் வண்டிகள் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கும். ஒரு நிமிடம் கிடைத்தால் போதும் என்பது அவள் கணக்கு. வெள்ளிக்கிழமை முழுக்கத் தையல்காரியின் போன் இரண்டே முறை அடித்தது. ஒன்று தவறான எண். இன்னொருவர், இது எந்த அச்சகத்தில் அடித்தது, தனக்கும் ஒரு போஸ்டர் வேண்டும் என்றார்.

சனிக்கிழமை மதியம் ஒரு சரக்கு வண்டி ஓட்டுநர் கூப்பிட்டார். சிக்னலில் நின்றபோது தூணில் பார்த்தாராம். தான் மூட்டை இறக்குகிற கிடங்கில் இரண்டு நாளாக ஒருவன் சாக்குகளின் மேல் படுத்திருக்கிறான், காவல்காரர் அவனுக்கும் சாப்பாடு வாங்கி வைக்கிறார் என்றார். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்ப் புருவத்தைப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிடுகிறாராம்.

"வட்டம் போட்ட இடத்துலயே இருக்குங்க. நான் பக்கத்துலதான் உட்கார்ந்திருக்கேன். நீங்க வாங்க."

தையல்காரி ஓடினாள். தம்பி அவளைப் பார்த்ததும் ஒரே ஒரு வார்த்தை பேசினான்.

"லேட்டு."

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா, தம்பி, ஓரக்கா மூவரும் போஸ்டர்களைக் கிழிக்கப் போனார்கள். இல்லாவிட்டால் வழியில் போகிறவர்கள் எல்லாம் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு போன் போட்டுக்கொண்டே இருப்பார்கள். மேம்பாலம் முடித்துச் சைக்கிள் நிறுத்தத்துக்கு வந்தார்கள். அங்கே பழைய போஸ்டர் ஒன்றும் புதுப் போஸ்டர் ஒன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. பழையதன் மேலேயே புதியதை ஒட்டச் சொல்லியிருந்தும் ஒட்டியவர் அரைமுழம் தள்ளி ஒட்டிவிட்டார்.

சைக்கிள் நிறுத்தக்காரர் எழுந்து வந்து, தம்பியைப் புதுப் போஸ்டர் பக்கத்தில் நிறுத்தி மறுபடி ஒத்துப் பார்த்தார். "இப்போ சரி" என்றார், தன் மேல் இருந்த பழி நீங்கியவர் போல.

தம்பி சம்மதிக்கவில்லை. புதுப் போஸ்டரை ஏற இறங்கப் பார்த்தான். "இது யாரு?" என்று அக்காவைக் கேட்டான்.

"நீதான்டா."

"இல்ல." பழைய போஸ்டரின் மேல், ஓரக்கா திருப்பிப் போட்ட முகத்தின் மேல், உள்ளங்கையை வைத்தான். "இது நான்."

"அது தப்பா அடிச்சதுடா. இந்த அக்காகிட்ட கேளு."

 யாரும் தன் முகத்தை நேரில் பார்த்ததில்லை, கண்ணாடியில்தான் பார்த்திருக்கிறோம் என்று ஓரக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. தையல்கடையில், துணி போட்டுப் பார்ப்பவர்களுக்காக ஆள் உயரக் கண்ணாடி ஒன்று உண்டு. சின்ன வயதிலிருந்து அதில் அவனுக்கு எதிரே நின்றவன் இந்தப் பக்கம் வெட்டுள்ளவன்தான். அவனுக்குப் பழையதுதான் சரியான படம். ஊருக்குப் புதியது. ஒரே ஆளுக்கு இரண்டு முகம் இருக்குமானால், இத்தனை வருடமாகத் தான் திருப்பிப் போட்டவர்கள் எல்லாம் யார் யாருக்கு எப்படித் தெரிந்திருப்பார்கள்? சோப்புக்காரப் பெண்ணைப் பெற்ற தாய் கடைவீதியில் நின்று அந்தப் படத்தைப் பார்த்து, என்னமோ மாதிரி இருக்கிறாளே என்று நினைத்திருப்பாளோ?

"அக்கா, இவன் கிழிக்க விடமாட்டேங்கறான்" என்றாள் தையல்காரி. தம்பி பழைய போஸ்டருக்கு முன்னால் கைகளை விரித்து நின்றிருந்தான்.

"கிழிக்க வேணாம். எடுத்துக் கொடுத்துடலாம்."

சைக்கிள் நிறுத்தக்காரர் ஒரு குவளைத் தண்ணீரும் இரும்புப் பட்டை ஒன்றும் கொண்டுவந்தார். ஓரக்கா சுவரை நனைத்து நனைத்து விளிம்பிலிருந்து மெல்ல உரித்தாள். தொலைபேசி எண்ணில் பாதி சுவரிலேயே தங்கிவிட்டது. முகம் முழுசாக வந்தது. தம்பி அதை வாங்கி, ஈரம் சொட்டச் சொட்ட நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெருவைப் பார்த்து நடந்தான். தையல்காரி மற்றதைக் கிழிப்பதற்குக் கையை ஓங்கியவள், நிறுத்திவிட்டாள்.

"இதையும் அதே மாதிரி எடுத்துத் தாங்கக்கா. எனக்கு இவன்தான்."

ஓரக்கா குவளையில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் கேட்டாள்.